இரண்டாவது மூடி

வலது முழங்காலில் எனக்கு வலி உண்டு, ஐயா. குந்தி உட்கார முடியாது. உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும். மீசை முளைக்கும் முன்பே மணல் சட்டி சுமந்து சாரத்தில் ஏறி இறங்கிய கால் இது. இத்தனை வருடம் தாங்கியதே பெரிது. அன்றைக்கு அந்தத் தொட்டியின் வாயருகே நான் குந்தி உட்கார்ந்திருந்தால் யாரும் எதையும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டார்கள். முழங்கால் மடங்காததால் குப்புறப் படுத்தேன். இதை நான் அப்போது சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

விபத்து என்று நீங்கள் எழுதி முடித்த வழக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், கோழிப்பண்ணைக்காரர் சௌந்திரம் அம்மா கட்டிய வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் காத்தான் என்கிற கூலியாள் இறந்துபோனது. கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. கேட்காமல் விட்டதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என்னை எஸ்டிமேட் அர்த்தநாரி என்றால்தான் இந்தப் பக்கம் தெரியும். ஐடிஐயில் படம் வரையப் படித்ததோடு சரி. வீடு கட்ட நினைக்கிறவர்கள் இடத்தைக் காட்டுவார்கள். நான் அளந்து படம் போட்டு, செங்கல், சிமெண்ட், எம்-சாண்ட், கம்பி, கூலி, கதவு, பெயிண்ட் என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்வேன். அந்தத் தொகைக்குள் வீடு முடியும். மற்றவர்கள் இருபது லட்சம் என்று ஆரம்பித்து இருபத்தெட்டில் கையை விரிப்பார்கள். தாலிக்கொடியை அடகு வைத்தும் போதாமல், கம்பியை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளைத் திருச்செங்கோடு ரோட்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

சௌந்திரம் அம்மாவின் அண்ணன் வீடு அப்படிப் பாதியில் நிற்கிற வீடு. அதனால் அவர் என்னிடம் வந்தபோது பயந்துதான் வந்தார். புருஷன் போனபின் பண்ணையைத் தனியாகப் பார்க்கிறவர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று இருந்தார்.

“தொகை முன்னப்பின்ன இருக்கட்டுங்கண்ணா, அதப் பத்தி இல்லீங்க. சொன்ன வாக்கு ஒண்ணா இருக்கோணும். பொறவு வந்து இது உட்டுப்போச்சு, அது உட்டுப்போச்சுன்னு தலையச் சொறியப்படாது.”

“என்ற எஸ்டிமேட்டுல எதும் உட்டுப்போவாதுங்க,” என்றேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்வேன். அதுவரை அது உண்மையாகவும் இருந்தது.

தொட்டி என்று நான் சொல்வது தரைக்கு அடியில் கட்டுகிற சம்ப். நம் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளைவிட வராத நாள்தான் அதிகம். லாரித் தண்ணீர் ஒரு லோடு முழுக்க அடங்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். வடகிழக்கில், ஈசானி மூலையில், கார் நிற்கும் போர்ட்டிகோவுக்கு அடியில் போட்டேன். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், ஏழடி ஆழம். மேலே கான்கிரீட் சிலாப்.

இந்த அளவுத் தொட்டிக்கு நான் எப்போதும் இரண்டு வாய் வைப்பேன், எதிரெதிர் மூலையில். ஒன்றில் ஆள் இறங்கினால் இன்னொன்று காற்றுக்கு. இங்கே இரண்டாவது வாய் கார் சக்கரம் ஏறுகிற இடத்தில் வந்தது. அதற்குச் சாதாரண மூடி தாங்காது, கனத்த வார்ப்பிரும்பு மூடி வேண்டும். கம்பியெல்லாம் கட்டி, இரண்டு வாய்க்கும் இடம் விட்டு, விடிந்தால் கான்கிரீட் என்று இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைப் படத்தில் போட்டிருந்தேன். அந்த மூடிக்குக் காசு போடவில்லை.

சின்ன விஷயம்தான். ஒன்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். என் கையிலிருந்து போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். போட்டிருக்கலாம். ஆனால் சௌந்திரம் அம்மா வாசலில் என்ன வந்து இறங்கினாலும் இது என்ன, எதில் சேர்த்தி என்று கேட்கிறவர். ஒரு வார்த்தை வெளியே வந்துவிடும். அர்த்தநாரி எஸ்டிமேட்டிலும் விட்டுப்போகும் என்று. டீக்கடையில் அதை இரண்டு பேர் சொன்னால் போதும், என்னிடம் வருகிறவர்கள் வேறு ஆளைத் தேடிப் போவார்கள்.

அன்று சாயங்காலம் ஆட்கள் போனபின், மீந்து கிடந்த துண்டுக் கம்பிகளைப் பொறுக்கி, காலை நீட்டி உட்கார்ந்து, அந்த இரண்டாவது வாயின் இடத்தில் நானே கட்டினேன். துண்டுக் கம்பிக்கு நீளம் போதாது, பக்கத்துக் கம்பியோடு சரியாகப் பிணையவில்லை. ஆனாலும் காருக்குத் தாங்கும். மறுநாள் அதன் மேலும் சேர்த்துக் கான்கிரீட் விழுந்தது. இரண்டாவது வாய் என்று ஒன்று இருந்ததை மேஸ்திரிகூடக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்.

சிலாப் இறுக வேண்டும் என்று, அதை அடியில் தாங்கிய பலகையும் முட்டுக் கம்புகளும் உள்ளே அப்படியே நின்றன. இருந்த ஒரே வாயைத் தகரம் போட்டு மூடி, நாய் விழாமல் இருக்கச் சுற்றிலும் சாக்கில் மண் வைத்தோம். கான்கிரீட் வெடிக்காமல் இருக்க மேலே கட்டிய தண்ணீர் கொஞ்சம் உள்ளே இறங்கியது. மழையும் பெய்தது. மரம் ஊறியது. இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

பலகையைப் பிரிக்க வந்தவர்கள் காத்தானும் ஆராயியும். புருஷன் பெண்டாட்டி, தம்மம்பட்டிப் பக்கம். காத்தான் ஒல்லி. எந்தப் பொந்திலும் நுழைவான், அதனால் சம்ப் பிரிக்கிற வேலை என்றால் அவனைத்தான் கூப்பிடுவோம். அவன் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுப்பான், ஆராயி மேலே வாங்கி அடுக்குவாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்கிற இருவர்.

“என்னா சார், இவ்ளோ பெரிய தொட்டிக்கு எலி வளையாட்டம் ஒரே ஒரு பொந்து. நா பூந்துருவேன். இவ பூந்தா பாதில மாட்டிக்குவா,” என்றான் காத்தான்.

“நீ உள்ளயே கெட. நா மூடியப் போட்டுட்டு ஊருக்கு பஸ் ஏர்றேன்,” என்றாள் ஆராயி.

தகரத்தை விலக்கியதும் காத்தான் மூக்கைச் சுருக்கினான். “வாடை ஒரு மாதிரியா கீது சார். கொஞ்ச நேரம் தொறந்து போட்டு வெப்பமா?” என்று கேட்டான். சரி, டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

என் அப்பா கிணறு வெட்டுகிறவர். பழைய கிணற்றில் இறங்கும் முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத ராத்திரிகளில் பாதி அப்படி வந்தவை. அதனால் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. சௌந்திரம் அம்மாவிடம் ஒரு கட்டி சூடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. புது வீட்டில் சூடம் எதற்கு என்று யார் கேட்பார்கள்.

கொட்டாங்குச்சியில் சூடத்தை வைத்து, கட்டுக்கம்பியில் கோத்து, தொட்டியின் வாயில் குப்புறப் படுத்து உள்ளே இறக்கினேன். கை நீளம் போவதற்குள் அணைந்தது. மழைக்காலம், சூடம் நமுத்திருக்கும் என்று நினைத்தேன். மேலே எடுத்துப் பற்றவைத்தேன். நன்றாக எரிந்தது. மறுபடி இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது.

தலையைத் தூக்கினால், சௌந்திரம் அம்மா தலைக்குக் குளித்த ஈரத்தோடு, கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

“ஈசானி மூலைக்குப் பூசைங்களாண்ணா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தேங்கா பழம் கொண்டாந்திருப்பனுங்க. இப்படி நெடுஞ்சாண் கெடையா உழுந்து கும்புடறீங்களே. சொந்த ஊட்டுக்காரங்க கூடச் செய்ய மாட்டாங்க.”

“சூடம் அணைஞ்சுருச்சுங்க,” என்றேன். இதை நான் சொன்னேன், ஐயா. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

“அணையட்டுங்க. கங்கம்மா ஏத்துக்கிட்டா,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் காத்தானும் ஆராயியும் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். அந்த அம்மா அவர்களிடமும் சொன்னார், அண்ணன் பூசை போட்டுட்டாருன்னு. காத்தான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுடச்சுட இருந்த கொட்டாங்குச்சியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, அதிலிருந்த கரியை நெற்றியில் இட்டுக்கொண்டான்.

“சார் கும்புட்டு வுட்டாரு. இனிமே உள்ள நாகப்பாம்பே இருந்தாலும் வழி வுட்டுரும்,” என்றான். வாடையைப் பற்றி அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

நான் அப்போது யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். இறங்காதே என்று சொன்னால் அடுத்து என்ன என்று கேட்பார்கள். ஒரு வாய் மட்டும் உள்ள தொட்டி, சும்மா திறந்து போட்டால் காற்று மாற இரண்டு மூன்று நாளாகும். இல்லையென்றால் எதிர் மூலையில் இன்னொரு வாய் உடைக்க வேண்டும். முதலிலேயே ஏன் வைக்கவில்லை என்று சௌந்திரம் அம்மா கேட்பார். காத்தான் இளவட்டம், நாலு தட்டுத் தட்டிவிட்டு மூச்சு முட்டினால் தானாக ஏறி வந்துவிடுவான் என்றும் நினைத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மூங்கில் ஏணியில் இறங்கினான். நெற்றிக் கரி கடைசியாக மறைந்தது. “பலகையெல்லாம் சோறாட்டம் ஊறிக் கெடக்கு புள்ள,” என்று சத்தம் வந்தது. முட்டுக் கம்பைத் தட்டுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு சுத்தியல் தண்ணீரில் விழுந்தது. அதன் பின்னால் கனமாக எதுவோ விழுந்தது.

“யோவ்,” என்றாள் ஆராயி. “யோவ், வெளயாடாத. வேல கெடக்கு.”

பதில் இல்லை. அவள் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் தாங்காமல் விழுந்தேன். விழுந்தும் விடவில்லை. என் கையைக் கடித்தாள். இதோ தழும்பு. “போவாத புள்ள, உள்ள காத்து இல்ல,” என்றேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

முன்பக்கம் மண் நிரவிக்கொண்டிருந்த ஜேசிபியிலிருந்து காளிதாஸ் குதித்து ஓடிவந்தான். எட்டிப் பார்த்தான். உடனே அவனுக்குப் புரிந்தது.

“எல்லாரும் தள்ளுங்க. பக்கெட்டுல ரெண்டு குத்து குத்துனா சிலாப் பொளந்துரும். அக்கட்ட மூலைல போடறேன், அவம் மேல படாது,” என்று எதிர் மூலையைக் கை காட்டினான். நான் துண்டுக் கம்பி கட்டிய இடம். அவனுக்கு அது தெரியாது. எதிர் மூலை என்பதால் காட்டினான்.

“வேண்டாம் காளிதாஸ். கான்கிரீட்டு பொத்துன்னு அவந்தலைல எறங்கும். இருக்கற உசுரும் போயிரும்.”

“அவன் ஏணிகிட்டத்தானுங்கண்ணா கெடக்கறான்.”

“சிலாப்பு மொத்தமா உக்காரும். கணக்குத் தெரிஞ்சவன் சொல்றேன், கேளு.”

அவன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். நான் கணக்கு என்று சொல்லிவிட்டால் இந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டோம். நான்தான் போட்டேன். நீங்கள் என் போனைப் பார்த்தபோது அது இருந்தது.

உடைத்தால் முழு சிலாப்பும் உட்காராது, ஐயா. அந்த இரண்டடிக்கு இரண்டடி மட்டும் ஒரே குத்தில் பெயர்ந்து விழுந்திருக்கும். அதைக் கட்டியவன் நான், எனக்குத் தெரியாதா. விழுந்ததும் உள்ளே காற்று பாய்ந்திருக்கும். கூடவே, விளிம்பில் துண்டுக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும். இது வாய்க்கு விட்ட இடம், பிறகு அடைத்திருக்கிறார்கள் என்று கொத்தனார் வேலை தெரிந்த எவனும் சொல்லிவிடுவான்.

தீயணைப்பு வண்டி வருகிற வரைக்கும் நின்றோம். நடுவில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. குறட்டை மாதிரி. விட்டு விட்டு வந்தது. ஆராயி தரையில் காதை வைத்துக் கேட்டாள். “மூச்சு கீது சார். மூச்சு கீது. எதாச்சும் பண்ணுங்க,” என்றாள். எனக்கும் கேட்டது. காளிதாஸ் மறுபடி என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. அதற்கப்புறம்தான் வண்டி வந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். முகத்தில் கருவி மாட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கினார்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். “நீங்க மட்டும் அந்தப் பொம்பளையப் புடிக்கலைன்னா இன்னைக்கு ரெண்டு பொணம்,” என்று சொன்னது நீங்கள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சௌந்திரம் அம்மாவுக்கு வேறொரு நினைப்பு. தேங்காய் பழம் இல்லாமல் வெறும் சூடத்தோடு பூசை நின்றுவிட்டது, அதனால் கங்கம்மா ஆளைக் கேட்டுவிட்டாள் என்று. தான்தான் அதற்குக் காரணம் என்று என்னிடம் அழுதார். அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மூடிமேல் தேங்காய் உடைக்கிறார்.

வீடு நான் சொன்ன தொகைக்குள் முடிந்தது. காத்தான் குடும்பத்துக்கு அந்த அம்மா கொடுத்ததை நான் வீட்டுச் செலவில் சேர்க்கவில்லை. அது கட்டடக் கணக்கில் வராது. கிரகப்பிரவேசத்தன்று பட்டுக்கரை வேட்டி வைத்துக் கொடுத்தார். அங்கே சாப்பிட வந்தவர்களில் மூன்று பேர் தங்கள் இடத்தைப் பார்க்க வரச் சொன்னார்கள்.

அதற்கு முன்னால், காத்தானுடைய சுத்தியலையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துப்போக ஆராயி ஒரு நாள் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“சார், எங்கையப் புடிச்சப்ப, உள்ள காத்து இல்லன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“எட்டிக்கூடப் பாக்கலியே நீங்க. எப்டித் தெரியும்?”

“கெணறு வெட்டற குடும்பம் புள்ள. எங்களுக்குத் தெரியும்.”

அவள் சுத்தியலை முந்தானையில் துடைத்தாள்.

“அப்ப அவரு எறங்கறப்பவும் தெரியுமா சார்?”

கோபமாகக் கேட்கவில்லை. கண்டக்டரிடம் சில்லறைக்கு நிற்கிறவளைப் போல நின்றாள். வாசலில் மணல் லாரி வந்தது. லோடு சரியாக இருக்கிறதா என்று அளக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள்.

போன வாரம் தம்மம்பட்டிக்கு பஸ் ஏறினேன். சொல்லிவிடத்தான் போனேன். ஒரே அறை உள்ள வீடு, ஓடு போட்டது. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். உட்காரப் பலகை போட்டாள், கால் வலி என்று நின்றுகொண்டேன். பின்சுவர் மேலிருந்து கீழே வெடித்திருந்தது. கை போகும் அகலம். மழைக்குத் தாங்குமா சார் என்று கேட்டாள். தாங்காது என்றேன். அடிவரை பிரித்துக் கட்ட வேண்டும் என்று சொல்லி, எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆள் என்று நின்ற இடத்திலேயே சொன்னேன். என் கூலி வேண்டாம் என்றும் சொன்னேன்.

“நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்,” என்றாள்.

வாசல்வரை வந்து நின்றாள். மறுபடி எதுவும் கேட்கவில்லை. மறந்திருப்பாள் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். ஊர் வந்து சேர்ந்தபோது நன்றாகத் தூங்கியிருந்தேன்.

அவ்வளவுதான், ஐயா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். காத்தான் இறங்கும்போதே எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல முடிகிறது. ஆராயிக்கு இந்தப் பதில் இன்னும் பாக்கி.